உறை மோர் கேட்டுப் போங்கள்

கேள்வி: சென்னையில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கோத்தகிரியில் வீடு வாங்கிக் குடியேறி ஒன்றரை வருஷம் ஆகிறது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல்தான் இருக்கிறோம். இருந்தும் ஒருவரும் எங்களோடு ஒட்டவில்லை. மலை மக்கள் வெளியாட்களைச் சேர்க்க மாட்டார்களா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: மலை மக்களை அப்புறம் பார்க்கலாம் சார். அந்தத் ‘தொந்தரவு’தான் என் கண்ணை உறுத்துகிறது. ஒன்றரை வருஷமாக ஒரு சின்னத் தொந்தரவுகூடக் கொடுக்கவில்லை என்றால், அவர்கள் எந்தச் சாக்கில் உங்கள் வீட்டுப் படியேறுவார்கள்?

உங்கள் வீட்டில் தயிர் தோய்கிறதா? மார்கழி, தை மாதத்தில் இங்கே ராத்திரி உறை ஊற்றிய பால் காலையிலும் பாலாகவே இருக்கும். நாங்கள் சூடு ஆறுவதற்குள் உறை ஊற்றி, அரிசிப் பானைக்குள் புதைத்து, பழைய கம்பளியைச் சுற்றி வைப்போம். அப்படியும் சில நாள் ஏமாற்றிவிடும், அன்றைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி மோர் வாங்கியாக வேண்டும். இப்படி ஒரு எவர்சில்வர் டம்ளர் இருபது வருஷமாக இரண்டு வீட்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறது; விளிம்பில் ஒரு நசுங்கல், யார் வீட்டு டம்ளர் என்பது இரண்டு வீட்டுக்கும் மறந்துபோய்விட்டது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்பதால் ஒருநாள் அதில் அவரைக்கொட்டை வரும், இன்னொரு நாள் கூடவே நாலு மேரக்காயும் வரும். பால் தோய்வதும் உறைதல், ஓரிடத்தில் வாழ்வதும் உறைதல். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதில் எனக்கு எப்போதும் சந்தோஷம்தான்.

பக்கத்து வீட்டில் இரவல் கேட்பது நாகரிகம் இல்லை என்று முன்பு ஒரு வாசகர் எழுதி, அவருக்கும் எனக்கும் மூன்று இதழ்களுக்குச் சண்டை நீண்டது. என் பேச்சு இன்றைக்கும் அதேதான். கேட்காமல் வாழ்பவரிடம் மற்றவர்களும் எதையும் கேட்கக் கூச்சப்படுவார்கள். உங்கள் ஊருக்கே இந்த மலையின் பழங்குடியான கோத்தர்களால்தான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். கோத்தர் செய்த பானையும் இரும்புக் கருவியும், தோடரின் நெய்யும், படகரின் தானியமும், குறும்பரின் தேனும் வீட்டுக்கு வீடு கைமாறித்தான் இந்த மலையில் நெடுங்காலம் வாழ்க்கை ஓடியது. அதில் மேல் கீழ் இல்லாமல் இல்லை, ஆனால் யாருக்கும் அடுத்தவர் இல்லாமல் முடியவில்லை.

வெளியாட்களைச் சேர்க்க மாட்டார்களா என்று கேட்கிறீர்கள். மலையகத் தமிழர்களைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் 1964-ல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்து சேர்ந்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை! தேயிலை எஸ்டேட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் குழந்தை இருமினால் இந்தப் பக்கம் சுக்குத் தட்டும் சத்தம் கேட்கும்.

இப்போது வருகிறவர்கள் முதலில் கட்டுவது ஆளுயர மதில். இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. வருஷத்தில் பத்து நாள் மட்டும் திறக்கும் வீட்டுக்கு எதற்கு அத்தனை பெரிய மதிலும் கேட்டும்? போன மாதம் விடியற்காலையில் பால் வாங்கக் கதவைத் திறக்கப்போனேன், போன் அடித்தது. “அண்ணா, வெளிய வராதீங்க, உங்க படிக்கிட்ட மாடு நிக்குது!” எதிர்வீட்டு அம்மாதான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெரிய காட்டுமாடு ஒன்று, மூச்சில் புகை விட்டுக்கொண்டு, எங்கள் பீன்ஸ் கொடியை மென்றுகொண்டு நிற்கிறது. மதில் இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கு என் வாசல் தெரிந்திருக்காது.

சரி, நாளைக்கே ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போங்கள். வீட்டில் தயிர் இருந்தாலும் போங்கள். நாலு மணிக்குள் போய்விடுங்கள், விளக்கு வைத்த பிறகு மோர் தர மாட்டார்கள்.