பதில்: குளோரெல்லாவில் எஃப்வி/எஃப்எம் 0.62-ஐத் தாண்டவில்லை, பாசியை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். கீரை இலையில் எஃப்வி/எஃப்எம் (Fv/Fm, பச்சையத்தின் ஒளிர்வை அளந்து ஒளிச்சேர்க்கையின் உச்சத் திறனைக் காட்டும் எண்) 0.83 வருகிறது, குளோரெல்லா என்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசியில் இரண்டு மாதமாக 0.62-லேயே நிற்கிறது, அதனால் ஆய்வையே இலைக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 0.83 என்பது நலமான நிலத்தாவர இலைகளுக்கான அளவு. பச்சைப்பாசிகளில் பெரும்பாலும் 0.6 முதல் 0.75 வரைதான் வரும். உங்கள் பாசி நோயாளி இல்லை.

இன்னும் கொஞ்சம் ஏற்ற வழி உண்டு. இருட்டில் 20 நிமிடம் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது குடுவையை அசைத்தீர்களா? நானும் இதில் மாட்டிக்கொண்டவன்தான். அசையாமல் விட்ட குடுவையில் செல்கள் அடியில் பச்சை வண்டலாகப் படிந்து, சுவாசித்தே ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் பிளாஸ்டோகுவினோன் அவற்றால் நிரம்பிவிடும், அளவீடு தானாகக் குறையும். மெதுவாகக் குலுக்கிக்கொண்டே இருட்டில் வையுங்கள். தேங்கிய எலக்ட்ரான்கள் வெளியேற, அளப்பதற்கு முன் சில விநாடி மங்கலான தொலைசிவப்பு ஒளி (சிவப்புக்குச் சற்று அப்பால் உள்ள ஒளி) கொடுங்கள். கரைசல் அடர்த்தியாக இருந்தால் நீர்த்துப் பாருங்கள். பாசி வளரும் ஊடகத்தில் நைட்ரஜன் தீர்ந்திருந்தாலும் இறங்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

பாசியால் எதிர்காலம் இல்லை என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னார்களோ தெரியவில்லை, எனக்கு வருத்தமாக இருந்தது. 1932-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எமர்சனும் ஆர்னால்டும் ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறு வெளிவரச் சுமார் 2,500 பச்சைய மூலக்கூறுகள் சேர்ந்து உழைக்கின்றன என்று கண்டது இதே குளோரெல்லாவில். 1961-இல் நோபல் பெற்ற வேதியியலாளர் கால்வின், ஒளிச்சேர்க்கையில் கார்பன் போகும் பாதையைத் தேடத் தொடங்கியதும் பாசிகளில்தான். அலகாபாத்தில் பிறந்த கோவிந்த்ஜி எமர்சனிடம் மாணவராகச் சேர்ந்தார். 1959-இல் எமர்சன் விமான விபத்தில் இறந்த பிறகும் 1960-இல் முனைவர் பட்டத்தை முடித்து, வாழ்நாள் முழுக்க ஒளிச்சேர்க்கையிலேயே இருந்தார்.

குலுக்கி அளந்த எண்ணை இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.