பார்ப்பதை நிறுத்திவிடலாமா?

வணக்கம் சார்,

கோவில்பட்டி பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதும் வேலை. மூன்று வருடமாகச் சிறுகதை எழுதிப் பார்க்கிறேன். இரவு சாப்பிட்டு முடித்ததும் போனில் ஏதாவது ஒரு சீரீஸ் பார்ப்பேன். கொரியன், மலையாளம், ஆங்கிலம், எதுவென்றாலும் சரி. பார்த்து முடித்ததும் கை பரபரக்கும், உடனே உட்கார்ந்து எழுதுவேன். மறுநாள் படித்தால் பார்த்ததே திரும்ப வந்திருக்கிறது. போன மாதம் ஒரு கதையைத் தோழியிடம் காட்டினேன். மலைப்பாதை, மழை, தூக்கம் வராத ஒரு போலீஸ் அதிகாரி. "இதை நான் ஏற்கெனவே பாத்துட்டேனே" என்றாள். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் ஊரில் மலையும் கிடையாது, மழையும் கிடையாது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் என் பெரியம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெட்டி ஒட்டிக் கொடுப்பார். கண் டிவியில் இருக்கும், கை பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அத்தனை சீரியல் பார்த்தும் அவர் அவராகவே இருந்தார். எனக்கு மட்டும் ஏன் இப்படி? படம், சீரீஸ், நாவல் எல்லாவற்றையும் கொஞ்ச காலம் நிறுத்திவிடலாமா? பார்த்தால் காப்பி ஆகிறது, பார்க்காவிட்டால் எழுதவே தோன்றவில்லை.

(பெயர் வேண்டாம் சார்.)

அன்புள்ள தோழிக்கு,

நிறுத்த வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றைப் பார்த்துவிட்டுக் கை பரபரக்கிறது என்றால், எழுத வேண்டியது ஏதோ உங்களுக்குள் காத்திருக்கிறது. பார்த்து முடித்து லைட்டை அணைத்துத் தூங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்தப் பரபரப்பு அடங்குவதற்கு முன்பே நீங்கள் எழுதத் தொடங்கிவிடுகிறீர்கள், அங்கேதான் தவறுகிறது. அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது சற்றுமுன் பார்த்த மலைப்பாதைதான். சொந்தச் சரக்கு அடியில் கிடக்கும், அது மேலே வர நாளாகும்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வங்காள இயக்குநர் சத்யஜித் ராய்தான் ஞாபகம் வருவார். தான் வேலை பார்த்த விளம்பர நிறுவனம் அனுப்பி, 1950இல் அவர் லண்டன் போனார். போன சில நாட்களிலேயே டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படத்தைப் பார்த்தார். அங்கே இருந்த சில மாதங்களில் பார்த்தது ஏறக்குறைய 100 படம். ஊர் திரும்பும் கப்பலில் 'பதேர் பாஞ்சாலி' என்ற வங்காள நாவலுக்குத் திரைவடிவம் எழுத உட்கார்ந்துவிட்டார். அதுதான் அவருடைய முதல் படமானது. இந்தக் கதையை எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஓர் இத்தாலியப் படம் ஒரு வங்காளியை இயக்குநராக்கியது, அவ்வளவுதான் என்று.

அதற்கு முன்னால் நடந்ததுதான் எனக்கு முக்கியம். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் அந்த நாவல் புத்தகமாக வந்தது 1929இல். 1940களில் அதைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி ஒரு பதிப்பு போட்டார்கள். அதற்குப் படம் வரைந்தவர் ராய். கதையில் வரும் தம்பி அப்புவையும் அக்கா துர்காவையும் கோட்டில் போட்டுப் பழகிய கை அது. லண்டனுக்குப் போகிற வழியிலேயே ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார்: நிஜமான இடங்களில் எடுக்க வேண்டும், புதுமுகங்கள் வேண்டும், மேக்கப் கூடாது. இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நண்பர்கள் தயங்கினார்கள். அப்புறம்தான், ரோம் நகரத் தெருக்களில், நடித்தே பழக்கமில்லாத ஓர் ஆலைத் தொழிலாளியைக் கதாநாயகனாக வைத்து எடுத்த படம் அவர் கண்ணில் படுகிறது. நடக்கும் என்று தெரிந்துபோயிற்று. அந்தப் படம் அவருக்குக் கொடுத்தது தைரியம். கதை அவரிடம் பல வருடமாக இருந்தது.

உங்கள் விஷயத்தில் இது தலைகீழாக நடக்கிறது. சீரீஸிலிருந்து கதையை எடுத்துக்கொண்டு தைரியத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

'பதேர் பாஞ்சாலி' படத்தை நான் முதலில் பார்த்தது 80களின் கடைசியில், தூர்தர்ஷனில். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒவ்வொரு மாநில மொழியாகப் படம் போடுவார்கள். தமிழின் முறை எப்போது வரும் என்று காத்திருப்போம், அதற்குள் மற்ற மொழிப் படங்களும் கண்ணில் பட்டுவிடும். பக்கத்து வீட்டுத் தரையில் உட்கார்ந்து நானும் ஆச்சியும் பார்த்தோம். வங்காளம் தெரியாது. கீழே ஓடும் ஆங்கிலத்தை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ஆச்சிக்கு அது எதுவும் தேவைப்படவில்லை. துர்கா கொண்டுவரும் கொய்யாப்பழத்தை அந்தக் கூன் விழுந்த கிழவி பொக்கை வாயால் சிரித்து வாங்குகிறாளே, அதைப் பார்த்ததுமே "எல்லா வீட்லயும் இருக்கா இப்படி ஒருத்தி" என்றாள். கிழவியாக நடித்தவர் சுனிபாலா தேவி என்ற பழைய நாடக நடிகை, வயது 80ஐ ஒட்டி இருக்கும். பிள்ளைகள் ரயிலைப் பார்க்க நாணற்பூக்களுக்குள் ஓடினார்கள். கரண்ட் போய்விட்டது. அது திரும்ப வந்தபோது படம் முடிந்திருந்தது.

அந்த வாரம் முழுக்க ஆச்சி என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்: "அந்தக் கிழவி என்னடா ஆனா?" நானும் ஒவ்வொரு நாளும் ஒன்று சொன்னேன். ஒரு நாள், பிள்ளைகள் அவளையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். டிக்கெட்டுக்கு ஏது காசு என்றாள் ஆச்சி. அதற்கும் ஒரு கதை சொல்ல வேண்டியதாயிற்று. நான் கதை சொல்லத் தொடங்கியது அந்த வாரம்தான். முழுப் படத்தையும் பார்க்கப் பல வருடம் ஆனது. ரயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகள்தான் மூங்கில் தோப்பில் அவள் செத்துக்கிடப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். அப்போது ஆச்சியும் இல்லை.

ராயிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு கதையைப் படமாக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தால், படம் வருவதற்கு முன்பே அந்தக் கதைக்குத் தானும் ஒரு திரைக்கதை எழுதி வைப்பாராம். தன் வழியில் ஒன்று, அவர்கள் எடுக்கக்கூடிய வழியில் ஒன்று. பிறகு தியேட்டருக்குப் போய் ஒப்பிட்டுப் பார்ப்பார். நீங்கள் நாளையே இதைச் செய்யலாம். ஒரு எபிசோட் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறதே, அதை நிறுத்திவிடுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று அரைப் பக்கம் எழுதுங்கள், ஆனால் உங்கள் ஊர் ஆட்களை வைத்து. மறுநாள் இரவு மீதியைப் பாருங்கள். அவர்கள் எங்கே உங்களிடமிருந்து பிரிந்து போனார்கள் என்பது பளிச்சென்று தெரியும். எனக்கு அந்த இடைவெளியை கரண்ட் கட் கொடுத்தது. நீங்கள் கையால் அணைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. பிடித்ததைத் திரும்பப் பாருங்கள். 1952இல் கல்கத்தாவுக்கு 'ராஷோமோன்' என்ற ஜப்பானியப் படம் வந்தபோது ராய் அதை அடுத்தடுத்த மூன்று நாட்கள் பார்த்தார். முதல்முறை கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். அதை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பது இரண்டாம் முறைதான் கண்ணில் படும். வருடத்துக்கு 40 சீரீஸ் பார்ப்பதைவிட, பிடித்த ஒன்றை மூன்று முறை பார்ப்பது எழுதுகிறவருக்கு நிச்சயம் உதவும்.

நாவலையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அதைவிட நல்லது. 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழில் ஆர். ஷண்முகசுந்தரம் மொழிபெயர்த்திருக்கிறார், தேடிப் படியுங்கள். நாவலில் அந்தக் கிழவி ஆரம்பத்திலேயே இறந்துவிடுகிறாள். ராய் அவளை அப்பு சிறுவனாகும்வரை உயிரோடு வைத்திருக்கிறார். நாவலில் துர்கா ரயிலையே பார்த்ததில்லை. காய்ச்சலில் படுத்தபடி, "எனக்கு ஒரு நாள் ரயில் காட்டுவாயா?" என்று தம்பியிடம் கேட்கிறாள். படத்தில் இருவரும் ஓடுகிறார்கள், அவள் தடுக்கி விழுந்துவிட, அப்பு மட்டும் தண்டவாளம்வரை போய்விடுகிறான்.

நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது வேறு ஒரு இடம். துர்கா திருடியதாகப் பழி சுமந்து, அம்மாவிடம் அடியும் வாங்கியிருக்கிறாள். நான் எடுக்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். அவள் செத்தபிறகு, குடும்பம் ஊரைவிட்டுப் போகிற நேரத்தில், அந்தப் பொருள் அப்புவின் கையில் கிடைக்கிறது. நாவலில் அது பொன்னால் செய்த சின்னச் சிமிழ். அப்பு அதை மூங்கில் தோப்புக்குள் வீசிவிடுகிறான். எழுத்தில் அது போதும், ஏனென்றால் அவன் மனதுக்குள் என்ன ஓடியது என்று நாவலாசிரியர் சொல்லிவிடலாம். படத்தில் அது ஒரு மணிமாலை. அப்பு குளத்தில் எறிகிறான். மேலே படர்ந்திருக்கும் பாசி விலகி வட்டமாகக் கறுப்புத் தண்ணீர் தெரிகிறது. பிறகு பாசி மெல்ல மெல்ல நகர்ந்து வந்து அந்த வட்டத்தை மூடுகிறது. அக்காவின் ரகசியத்தை ஊர்க் குளம் வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒரு வசனம் கிடையாது. ராய் புத்தகத்திலிருந்து அந்தச் சிறுவனின் அன்பை எடுத்துக்கொண்டு, எறியும் இடத்தை மட்டும் மாற்றினார். சினிமாவுக்கு அந்தக் குளம் தேவைப்பட்டது. எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்ற இந்த முடிவைத்தான் நீங்கள் பழக வேண்டும். அந்தப் போலீஸ் அதிகாரியின் தூக்கமின்மை உங்களைத் தொட்டது என்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள். மலையை விட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் தூக்கம் வராமல் படுத்திருப்பது யார்?

உங்கள் கடிதத்தில் நான் நின்று இரண்டாம் முறை படித்தது ஒரே இடம்தான். கண் டிவியில் இருக்கும், கை பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். இதை எந்த சீரீஸிலிருந்து எடுத்தீர்கள்? எதிலிருந்தும் இல்லை. ஏதோ ஒரு பேச்சுக்கு எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். அவர் அவராகவே இருந்தார் என்கிறீர்கள். எனக்கு அது அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. அழுகிற காட்சி வந்தால் கை நின்றதா, வேகம் கூடியதா? பசை காய்வதற்குள் விளம்பரம் வருமா என்று பார்த்தாரா? எந்த சீரியலில் யாருக்காக வருத்தப்பட்டார்? கதை பிடிக்காத நாளில் பெட்டி எண்ணிக்கை குறைந்ததா?

அவர் இப்போது உங்கள் ஊரிலேயே இருக்கிறார் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். நோட்டு வேண்டாம், சும்மா அவரோடு சேர்ந்து ஒரு சீரியல் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.