மதுரை டூ பாக்டோக்ரா: ரெண்டே முக்கா மணி நேரத்துல போயிடலாமா?

கேள்வி: டிசம்பர்ல அம்மா அப்பாவை கூட்டிட்டு டார்ஜிலிங் போறோம். மதுரை ஏர்போர்ட்ல இருந்து பாக்டோக்ரா ஏர்போர்ட் 2,160 கிலோமீட்டர், ஃப்ளைட்ல ரெண்டே முக்கா மணி நேரம்னு ஒரு சைட்ல போட்டிருக்கு. டிக்கெட் தேடினா ஏழு மணி நேரம், பதினோரு மணி நேரம்னு வருது. எதை நம்புறது? மதுரை–சென்னை, சென்னை–பாக்டோக்ரா தனித்தனியா போட்டா விலை கம்மியாகுது, போடலாமா? (விருதுநகர் வாசகர்)

பதில்: அந்த 2,160 சரிதாங்க, ஆனா அது நேர்கோட்டு தூரம், அதை ப்ளேன் வேகத்தால வகுத்து ரெண்டே முக்கான்னு போட்டுட்டாங்க. இந்த ரெண்டு ஊருக்கும் நேரடி ஃப்ளைட் இல்லாதப்போ அந்த கணக்கு டிக்கெட் வாங்குறவங்களுக்கு எதுக்கும் உதவாது. எங்கயாவது இறங்கி மாறித்தான் ஆகணும். சென்னை கிட்டத்தட்ட அந்த நேர்கோட்டு மேலயே இருக்கறதால அந்த வழியில தூரம் கூடவே கூடாது, பெங்களூர்னா லேசா கூடும், டெல்லி சுத்தினா 3,200 கிலோமீட்டர் ஆயிடும். டெல்லி வழி டிக்கெட் கொஞ்சம் மலிவா வந்தாலும் பெரியவங்களோட வேண்டாம்.

மொத்தம் எத்தனை மணி நேரம்னு பாக்கறதை விட பாக்டோக்ராவுல எத்தனை மணிக்கு இறங்குவீங்கன்னு பாருங்க, எனக்கு அதுதான் முக்கியமா படுது. டிசம்பர்ல அங்க அஞ்சு மணிக்கு முன்னாடியே பொழுது சாஞ்சிடும், ஏர்போர்ட்ல இருந்து டார்ஜிலிங் 70 கிலோமீட்டர் சொச்சம்தான்னாலும் மலை ரோடு, மூணு மணி நேரம் புடிக்கும், அதனால மதியம் ஒரு மணிக்குள்ள இறங்குற மாதிரி டிக்கெட் போடுங்க, அது கிடைக்கலன்னா அன்னைக்கு ராத்திரி பக்கத்துல சிலிகுரியில தங்கிட்டு காலையில ஏறுங்க. ரொம்ப சீக்கிரம் இறங்குற ஃப்ளைட்டும் வேண்டாம், குளிர்காலத்துல அங்க காலைப் பனிமூட்டத்துல ஃப்ளைட் லேட் ஆகும்.

தனித்தனி டிக்கெட் விஷயத்துக்கு வர்றேன். ஒரே பிஎன்ஆர்ல ரெண்டு ஃப்ளைட்டும் இருந்தா முதல் ஃப்ளைட் லேட்டாகி அடுத்தது போயிட்டாலும் ஏர்லைன்தான் வேற ஃப்ளைட்ல ஏத்தி விடணும், பெட்டியும் பொதுவா மதுரையில போட்டா நேரா பாக்டோக்ராவுல வந்துரும். தனித்தனியா போட்டீங்கன்னா சென்னையில பெட்டிய எடுத்து, திரும்ப உள்ள போய், கவுன்ட்டர்ல மறுபடி போடணும், பல ஏர்லைன்ல கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாடியே கவுன்ட்டரை மூடிருவாங்க, வேற ஏர்லைன்னா டி1, டி4னு டெர்மினலே மாறலாம். மிஸ் ஆச்சுன்னா ரெண்டாவது ஏர்லைனைப் பொறுத்தவரை நீங்க வரவே இல்லைன்னுதான் கணக்கு, கடைசி நேர விலையில புது டிக்கெட் எடுக்கணும். மூணு பேருக்கு அந்த செலவை நினைச்சுப் பாருங்க.

சில புக்கிங் சைட்டுங்க ரெண்டு ஏர்லைனை சேர்த்து ஒரே டிக்கெட் மாதிரி காட்டும், உள்ள ரெண்டு பிஎன்ஆர் இருக்கும், பணம் கட்டறதுக்கு முன்னாடி கட்டாயம் பாத்துருங்க. தனித்தனியாத்தான் போடுவேன்னா நடுவுல நாலு மணி நேரமாவது விடுங்க.

அப்படியும் மிஸ் ஆயிட்டா விட்டுறாதீங்க, போகாத டிக்கெட்ல கூட வரியும் ஏர்போர்ட் யூசர் ஃபீஸும் திருப்பித் தரணும்னு டிஜிசிஏ (ஏர்லைன்களைக் கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பு) விதி இருக்கு, பணம் திரும்ப வராதுன்னு போட்டிருக்கற ‘நான்-ரீஃபண்டபிள்’ டிக்கெட்டுக்கும் இது உண்டு, கேட்டு வாங்குங்க.