தச்சுப் பட்டறை: 45-க்கு அடங்காத மூலை

கேள்வி: சாலை வளைவில் உள்ள மனையில் எங்கள் வீடு. அதனால் ஹாலில் ஒரு மூலை அகலமாக விரிந்திருக்கிறது. தரையோரம் தேக்குப் பீடிங் (சுவரடியில் ஓடும் மெல்லிய மரச்சட்டம்) அடித்தபோது ஆசாரி எல்லா மூலைக்கும் 45 டிகிரியில் அறுத்துவிட்டார். அந்த மூலையில் சுண்டுவிரல் நுழையும் சந்து. பட்டிப் பசை வைத்து அடைத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: வேண்டாம் அம்மா. அவ்வளவு அகலத்துக்குப் போடும் பட்டி, மரம் சுருங்கி விரியும்போது வெடித்து உதிரும். தேக்கு நிறத்துக்கு நடுவே பட்டி தனியாகவும் தெரியும். நல்ல மரம் வாங்கியிருக்கிறீர்கள், அதற்கேற்ற வேலை செய்யச் சொல்லுங்கள்.

45 என்பது 90 டிகிரி மூலைக்கு மட்டுமான கணக்கு. சுவர் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதில் சரிபாதிதான் வெட்டுக்கோடு. உங்கள் மூலை 135 என்று வையுங்கள். பாதி 67.5. ஆனால் அறுக்கும் மெஷினில் 67.5 வைக்கக் கூடாது. மெஷின் அளவுகோலில் பூஜ்யம் என்பது மரத்துக்குக் குறுக்கே போகும் நேர்வெட்டு. ஆகவே 90-ல் இருந்து 67.5-ஐக் கழித்து 22.5 வைக்க வேண்டும். 120 டிகிரி மூலைக்கு 30. பட்டறையில் வேலை பழகும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இந்தக் கழித்தலைத்தான்.

கோணம் அளக்கக் கருவி இல்லையா? தரையில் காகிதம் ஒட்டுங்கள். ஒரு மீதித்துண்டு பீடிங்கை ஒரு சுவரோடு ஒட்டி வைத்து, அதன் முன்விளிம்பை ஒட்டிப் பென்சில் கோடு இழுங்கள். அடுத்த சுவரிலும் அப்படியே. இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியில் இருந்து சுவர் மூலைக்கு ஒரு கோடு. அதுதான் வெட்டுக்கோடு. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழைய கல்சுவர் வீடுகளில் எனக்கு இந்த முறைதான் கைகொடுக்கிறது. சிமெண்ட் பூச்சு மூலையில் தடித்திருக்கும் என்பதால், பீடிங் உட்காரும் உயரத்திலேயே அளக்க வேண்டும். நடுச்சுவரில் அளந்தால் பொய் சொல்லும்.

சுவர் வெளியே துருத்தும் மூலையாக இருந்தால் அரை டிகிரி கூடுதலாக அறுக்கலாம். பின்பக்கம் மயிரிழை விட்டாலும் கண்ணுக்குத் தெரியும் முன்விளிம்பு இறுக்கமாகச் சேரும்.

இன்னொன்று: 45-ல் அறுத்த துண்டை 22.5-க்கு மாற்றினால் நீளம் குறைந்துவிடும். 12 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் போகும். அதனால் அந்தத் துண்டுகளை நீளம் குறைந்த வேறு சுவருக்கு மாற்றிவிட்டு, இந்த மூலைக்குப் புதுமரம் எடுக்கச் சொல்லுங்கள். முதலில் மீதித்துண்டு இரண்டை அறுத்து மூலையில் சேர்த்துப் பார்க்கட்டும். பொருந்திய பிறகு மூலை வெட்டை முடித்து, அப்புறம் மறுமுனையில் நீளத்தை அளந்து வெட்டட்டும்.