உழக்குக் கணக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். என் பெயரைப் போட வேண்டாம். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பி.காம். படித்திருக்கிறேன், வயது இருபத்தாறு. கணவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பையனுக்கு இரண்டு வயது. வீட்டில் இருந்தபடியே ஓய்வு நேரத்தில் மெழுகுவத்தி செய்து விற்கலாம் என்று மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்தேன். மெழுகு கிலோ 160 ரூபாய். மற்ற சாமான்களும் சேர்த்தால் 200. ஒரு கிலோவில் இருபது கிராம் வத்தி ஐம்பது வரும். ஒன்று ஆறு ரூபாய்க்குக் கொடுத்தால் கிலோவுக்கு நூறு ரூபாய் லாபம். ஓய்வு நேரத்தில் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ செய்தால் ஆயிரம் ரூபாய் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஓசூர் ரோஜா இதழைக் காயவைத்து மெழுகுக்குள் போட்டு, கண்ணாடி டம்ளரில் ஊற்றி பெங்களூருக்கு அனுப்பவும் ஆசை. சோயா மெழுகு நல்லதா? கடன் எங்கே கிடைக்கும்? மாமியார் முதலில் "கரண்ட் இருக்கிற காலத்துல எவன் வத்தி வாங்குவான்" என்றார். இப்போது "செய்யி, ஆனா ரொம்பக் கணக்குப் பாக்காத, உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குக்கூட மிஞ்சாது" என்கிறார். நீங்கள் எழுத்தாளர், என் தொழிலுக்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள கண்ணு,

என் மகளைவிடச் சின்னவள் நீ. அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் 'ஓய்வு நேரத்தில்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். எந்த ஓய்வு நேரம்? ஷிப்ட் முடிந்து எந்த நேரத்தில் வருவார் என்று தெரியாத கணவர், இரண்டு வயதுப் பையன், மாமியார், சமையல், துணி. இதற்கு நடுவில் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ மெழுகு உருக்கும் ஓய்வு உனக்கு எங்கிருந்து கிடைத்தது? தூக்கத்தைத்தான் ஓய்வு என்று எழுதியிருக்கிறாய்.

பெயரை முதலில் முடித்துவிடுகிறேன். பையன் பெயரை வை. சுடர், ஒளி, தீபம் எல்லாம் ஆயிரம் பேர் வைத்தாயிற்று.

சோயா மெழுகு இப்போது வேண்டாம். சாதாரண பாரபின் மெழுகில் கை பழகட்டும். அது பெட்ரோலியச் சுத்திகரிப்பில் பிரிகிற பொருள், சென்னையில் மணலி ஆலையிலேயே எடுக்கிறார்கள். ரோஜா இதழ் யோசனையை இன்றைக்கே தூக்கி எறி. காய்ந்த இதழ் மெழுகில் ஊறினால் அதுவும் ஒரு திரிதான். நடுவில் எரியவேண்டிய தீ ஓரத்திலும் பிடித்துக் கண்ணாடியை உடைக்கும். பெங்களூரில் ஒரு வீட்டுத் திரைச்சீலை எரிந்தால் உன் பையன் பெயர் போட்ட லேபிளோடு எரியும்.

திரி என்றதும்தான் ஞாபகம் வருகிறது. மெழுகு விலை, டம்ளர், ரோஜா, பெங்களூர் எல்லாம் இருக்கிற உன் கடிதத்தில் திரி என்ற சொல்லே இல்லை. மற்ற சாமான்களோடு சேர்த்துக் கட்டிவிட்டாய் போலிருக்கிறது. திரி மெலிந்தால் நடுவில் குழி விழுந்து, சுற்றிலும் மெழுகு சுவராக நின்றுவிடும். தடித்தால் புகைந்து கரி படியும். ஒவ்வொரு கனத்துக்கும் ஒரு திரி, எரித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சும்மா முறுக்கிய நூலைப் போடாதே, பின்னிய நூலைப் போடு. முன்காலத்தில் மெழுகுவத்தி எரிய எரிய யாராவது பக்கத்தில் நின்று கரிந்த திரியைக் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1825-ல் பிரான்சில் ஒருவர் நூலைச் சடை மாதிரிப் பின்னிப் போட்டார். பின்னிய திரி எரியும்போது தலை வளைந்து தீயின் ஓரத்துக்குப் போகும், அங்கே தானாகவே எரிந்து சாம்பலாகும். வேலை போனது கத்தரிக்கோலுக்கு.

இன்னொன்றைத் திட்டித்தான் சொல்லவேண்டும். மெழுகுச் சட்டியை நேராக அடுப்பில் வைத்தாயானால் நான் பாலக்கோட்டுக்கே வந்து சண்டை போடுவேன். பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் மெழுகுச் சட்டி. கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, மெழுகு 60-க்குள் உருகிவிடும். நேர்த்தீயில் வைத்து மறந்துபோனால், 200 டிகிரி வாக்கில் அதன் ஆவியே பற்றிக்கொள்ளும். பற்றினால் தண்ணீர் ஊற்றாதே. ஊற்றிய தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரிகிற மெழுகைச் சுவரெல்லாம் வாரி இறைக்கும். தட்டைப் போட்டு மூடு, அடுப்பை அணை. பையன் தூங்குகிறான் என்று நம்பி ஆரம்பிக்காதே, தாழ்ப்பாள் போட்ட அறையில் செய்.

கடன் கேட்டாய். சிறுதொழிலை அரசிடம் பதிகிற உத்யம் பதிவு இலவசம், அதற்குக் காசு கேட்பவனுக்குக் கொடுக்காதே. மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் என்று கேட்டால் சொல்வார்கள். 2025-26-ல் கிராமத்துப் பெண்ணுக்கு 35 சதவீதம் மானியம் இருந்தது, கையிலிருந்து 5 சதவீதம் போட்டால் போதும் என்றிருந்தது. ஆனால் ஓர் அச்சுக்கும் பத்துக் கிலோ மெழுகுக்கும் எதற்குக் கடன்? போதும், நான் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மாமியார் சொன்ன பழமொழியை நான் ஒரு மாதமாக மென்றுகொண்டிருந்தேன், அப்போதுதான் உன் கடிதம் வந்தது. உழக்கு என்றால் கால் படி. உழுதவன் கணக்குப் பார்த்தால் அந்தக் கால் படிகூட மிஞ்சாது. இதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரு புன்சிரிப்போடு சொல்கிறார்கள், ஏதோ பெரிய ஞானம் மாதிரி. 'ஆகவே கணக்குப் பார்க்காதே' என்று அவர்களே ஒரு வாலை ஒட்டிவிடுகிறார்கள். பழமொழியில் அந்த வால் எங்கே இருக்கிறது? யாரோ ஓர் உழவன் உட்கார்ந்து கணக்குப் பார்த்துத்தானே அதைச் சொன்னான்? பார்த்தான், வயிறு எரிந்தான், சொன்னான். அது ஒரு முறையீடு. அதைத் திருப்பிப் போட்டு அறிவுரை ஆக்கியவன் நிச்சயமாக உழுதவன் இல்லை, உழுதவனுக்குப் படியளந்தவன்.

எங்கள் அம்மா புளி தட்டினாள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பிறந்தவளுக்கு இதை விளக்க வேண்டாம், ஆனால் மற்றவர்களும் படிப்பார்கள். தை பிறந்தால் புளியம்பழம் உலுக்க ஆரம்பிப்பார்கள். வியாபாரி மூட்டை மூட்டையாக வீட்டு வாசலில் இறக்குவார். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, சின்ன இரும்புத் தடியால் தட்டிக் கொட்டையை எடுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூலி எடைக்கு. எடை குறைந்தால் கூலியில் பிடித்தம். பங்குனி முடிவதற்குள் அம்மாவின் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். ரசத்தில் கைவைத்தால் முகம் சுளிக்கும், சாப்பாட்டை இடது கையால் சாப்பிடலாமா என்று ஒருநாள் பாட்டியிடம் கேட்டாள். அப்பா சொல்வார், "சும்மா இருக்கற நேரத்துல தட்டறதுதானே."

நான் அப்போது ஏழாம் வகுப்பு. வாத்தியார் விகிதக் கணக்கு சொல்லிக் கொடுத்த வாரம். வீட்டுக்கு வந்து நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். அம்மா, பாட்டி, அக்கா, நான், நாலு பேர். ஆளுக்கு இத்தனை மணி நேரம். வந்த கூலி இவ்வளவு. வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு வந்தது, மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்ட ஆளுக்கு வியாபாரி கொடுத்த டீக்காசைவிடக் குறைவு. ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அவள் பழமொழியைச் சொன்னாள். அதே பழமொழி. சொல்லிவிட்டுத் தடியை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள்.

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு என்னை உசுப்பி, "அந்தக் கணக்க இன்னொரு தரம் படி" என்றாள்.

அடுத்த மூட்டை வந்தபோது கூலி கூட்டிக் கேட்டாள். வியாபாரி சிரித்தார். இரண்டு வாரம் மூட்டை அடுத்த தெருவுக்குப் போயிற்று. மூன்றாவது வாரம் அம்மாவே போய்ப் பழைய கூலிக்கு வாங்கி வந்தாள். வெற்றிக் கதை எதிர்பார்த்திருந்தால் மன்னித்துக்கொள், எங்கள் தெருவில் அது நடக்கவில்லை. ஒன்றே ஒன்று மாறியது. அதுவரை எடை போடும்போது அம்மா அடுப்படியில் இருப்பாள். அதற்கப்புறம் ஈரக் கையோடு தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

பிறகு 1989 வந்தது. தமிழ்நாட்டில் அரசின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலில் தொடங்கியது எங்கள் மாவட்டத்தில்தான், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய தருமபுரியில். அம்மாவும் சேர்ந்தாள். அந்தக் குழுக்களைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு, கையெழுத்துப் போடவே கூச்சப்பட்ட பெண்களை வங்கி மேலாளர் முன்னால் உட்கார வைத்தது அது. ஆனால் அவர்களுடைய நோட்டுகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். சேமிப்புக்கு ஒரு பத்தி, கடனுக்கு ஒரு பத்தி, வட்டிக்கு ஒன்று, வராதவர் அபராதத்துக்குக்கூட ஒன்று. எத்தனை மணி நேரம் உழைத்தாள் என்பதற்குப் பத்தி இல்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீ பி.காம். படித்தவள், நீயும் அந்தப் பத்தியை விட்டுவிட்டாய்.

வா, இப்போது போடலாம். பத்துக் கிலோ என்றால் 500 வத்தி. உன் அச்சில் ஒரு தடவைக்கு 24 என்று வைத்துக்கொள். 21 தடவை ஊற்ற வேண்டும். எண்ணெய் தடவி, திரி கட்டி, ஊற்றி, தண்ணீரில் ஆறவைத்து, பிரித்து, அடி நறுக்க அரை மணி நேரமாவது ஆகும். பத்தரை மணி நேரம். அடுக்கிக் கவர் போட இரண்டு மணி. மொத்தம் பன்னிரண்டரை. ஆறு ரூபாய் வத்தியைக் கடைக்காரர் நாலரைக்குத்தான் எடுப்பார், அவருக்கும் பிழைப்பு வேண்டும். கிலோவுக்கு 225. உன் செலவு 200. மிச்சம் 25. பத்துக் கிலோவுக்கு 250 ரூபாய். நீ எழுதிய ஆயிரம் எங்கே, 250 எங்கே! மணிக்கு இருபது ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். ஏரிக்கரையில் மண் வெட்டினால் வருவதைவிடக் குறைவாக, நெருப்புக்குப் பக்கத்தில் பன்னிரண்டரை மணி நேரம் நிற்கப்போகிறாய். இதில் கேஸ் செலவையும் பஸ் காசையும் நான் சேர்க்கவில்லை.

இப்போது அந்தப் பத்தியைச் சேர். உன் ஒரு மணி நேரத்துக்கு 50 ரூபாய் என்று எழுது. அதிகமில்லை, கை கூசாமல் எழுது. பன்னிரண்டரை மணிக்கு 625. பொருள் செலவு 2000. மொத்தம் 2625, ஒரு வத்திக்கு ஐந்தேகால். கடைக்காரர் பங்கும் சேர்த்தால் ஏழு ரூபாய். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒற்றை ரூபாயில்தான் நீ இருக்கிறாய். முதலில் மிஞ்சுகிற காசில் இரண்டாவது அச்சு வாங்கு, ஒன்று ஆறும் நேரத்தில் இன்னொன்றில் ஊற்றலாம். அது உன் நேரத்தைக் குறைக்கும், டம்ளர் குறைக்காது.

ஏழு ரூபாய்க்கு யார் வாங்குவார்கள் என்பாய். மளிகைக் கடையில் வாங்க மாட்டார்கள்தான். 2015 ஏப்ரல் வரை மெழுகுவத்தி சிறுதொழிலுக்கென்றே ஒதுக்கிய பொருள். ஊறுகாய், தீப்பெட்டி, ஊதுவத்தி, பட்டாசோடு கடைசியாக மிச்சமிருந்த இருபதில் ஒன்று. அந்த வேலியை எடுத்துவிட்டார்கள். வெள்ளை வத்தியில் பெரிய ஆலையோடு விலைப் போட்டி போடாதே. நாள் பார்த்து விற்கிற பொருளைச் செய். நவம்பர் 2 கிறிஸ்தவர்களின் கல்லறைத் திருநாள். கோவிலூர், எலத்தகிரிப் பக்கமெல்லாம் அன்றைக்கு எத்தனை கல்லறையில் வத்தி எரியும்! செப்டம்பரிலேயே பங்குத் தேவாலயத்துக்குப் போய்க் கேள். கார்த்திகைக்கு அகலில் மெழுகு ஊற்றிக் கொடு. ஆர்டர் சொன்ன பிறகு செய், செய்து வைத்துக்கொண்டு அலையாதே. 2012 மின்வெட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா வத்தி செய்து நன்றாகச் சம்பாதித்தாள். கரண்ட் வந்தது. இரண்டு மூட்டை தங்கிவிட்டது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகி, ரொம்ப நாள் கதவுக்கு முட்டுக் கொடுத்தது.

ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகச் சொல்கிறேனோ என்று நினைக்காதே. வீட்டில் செய், ஆசையாகச் செய். பத்து வத்தி செய்து எனக்கு அனுப்பு. ஏழு ரூபாய் வீதம் எழுபதும் தபால் செலவும் அனுப்புகிறேன். கூடவே ஒரு தாளில், அடுப்பை மூட்டிய நேரம், இறக்கிய நேரம், நடுவில் பையன் அழுது எழுந்துபோன நேரம், எல்லாம் எழுதி வை.

மாமியாரை நான் கேட்டதாகச் சொல். அவர் எத்தனை வருஷம் புளி தட்டினார், கிலோவுக்கு என்ன கூலி வாங்கினார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பார். அதையும் அந்தத் தாளிலேயே எழுதி அனுப்பு.

அன்புடன்