ஊரை விட்டுப் போன அணி திரும்பி வருமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஓக்லாந்துக்குத் தெற்கே உள்ள ஃப்ரீமான்டில் குடியிருக்கிறோம். எங்கள் கண்ணெதிரிலேயே ஓக்லாந்து தன்னுடைய மூன்று பெரிய விளையாட்டு அணிகளையும் ஒவ்வொன்றாகப் பறிகொடுத்துவிட்டது. பட்ஜெட்டில் ஆண்டுதோறும் துண்டு விழும் அந்த நகரத்தால் ஓர் அணியையாவது மீட்க முடியுமா?
– ஒரு வாசகி, ஃப்ரீமான்ட்

பதில்: அண்மைக் காலத்தில் கடினம் என்பதே என் கருத்து. இந்த விவகாரத்தைப் பின்தொடராதவர்களுக்காக முதலில் சில விவரங்கள். கூடைப்பந்து அணியான வாரியர்ஸ் 2019-ல் வளைகுடாவின் மறுகரையில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது. அமெரிக்கக் கால்பந்து அணியான ரெய்டர்ஸ் 2020-ல் லாஸ் வேகஸுக்குப் போனது. 1968 முதல் அங்கே ஆடிவந்த பேஸ்பால் அணியான அத்லெடிக்ஸ், 2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லாந்தில் தன் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு, லாஸ் வேகஸில் புதிய அரங்கம் எழும்பும் வரை சாக்ரமென்டோவில் தங்கியிருக்கிறது.

அந்தக் கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர் வந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதே அரங்கம் காற்று வாங்கிக்கொண்டிருந்தது என்பதை அணியின் நிர்வாகம் ஒரு வாதமாகவே முன்வைத்தது. நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டு, ஊரை விட்டுப் போகப்போவதாகவும் அறிவித்துவிட்ட பிறகு, கூட்டம் ஏன் வரவில்லை என்று கேட்பது எவ்வகை நியாயமோ தெரியவில்லை. 2023 ஜூன் 13 அன்று ரசிகர்கள் தாங்களே ஏற்பாடு செய்து, ‘விற்றுவிடு’ என்று உரிமையாளர் ஜான் ஃபிஷருக்குச் சொல்லும் பச்சைச் சட்டைகளை அணிந்துகொண்டு, 27,759 பேராக அரங்கத்தை நிறைத்துக் காட்டினார்கள். அதே வாரத்தில் நெவாடா மாநிலம் லாஸ் வேகஸ் அரங்கத்துக்கு 38 கோடி டாலர் வரையிலான பொதுப்பணத்தை ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. நவம்பரில் மற்ற அணிகளின் உரிமையாளர்கள் இடமாற்றத்துக்கு ஒருமனதாக ஒப்புதல் அளித்தார்கள்.

அமெரிக்காவில் அணி என்பது லீக் வழங்கிய உரிமம். அது உரிமையாளரின் சொத்து. பெரிய லீக் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ முப்பது அணிகள்தாம். கேட்கும் நகரங்கள் அதைவிட அதிகமாக இருக்கும்படி லீக் எப்போதும் பார்த்துக்கொள்கிறது. காலியாக ஒரு நகரம் இருந்தால்தான் மற்ற நகரங்களிடம் பேரம் பேச முடியும். ஆகையால் ரசிகர்களின் பாசம் இந்தக் கணக்கில் மிகச் சிறிய இடத்தையே பெறுகிறது. குத்தகையில் எத்தனை ஆண்டுகள் மீதம் இருக்கின்றன, உள்ளூரில் அணியை விலைக்கு வாங்கக்கூடிய பணக்காரர் யார், லீக்கை அச்சுறுத்தக்கூடிய அரசியல்வாதி யாரேனும் உண்டா என்பவையே முடிவைத் தீர்மானிக்கின்றன. அத்லெடிக்ஸ் அணியின் குத்தகை 2024-ஆம் ஆண்டுப் பருவத்தோடு முடிந்தது. ஓக்லாந்தின் கையில் அதற்குப் பிறகு பிடிமானம் எதுவும் இல்லை.

கேள்வி: ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரம் மட்டும் எப்படித் தன் அமெரிக்கக் கால்பந்து அணியை மூன்றே ஆண்டுகளில் மீட்டது? அதுவும் நொடித்துப்போன நகரம்தானே?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: நொடித்துப்போன நகரம்தான். 1950-ல் ஒன்பது லட்சத்தைத் தாண்டியிருந்த அதன் மக்கள்தொகை 1990-ல் ஐந்து லட்சமாகச் சுருங்கியிருந்தது. 1978-ல் வங்கிக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் கைவிரித்த நகரம் அது. ஆனாலும் 1995 நவம்பர் 6 அன்று பிரவுன்ஸ் அணியின் உரிமையாளர் ஆர்ட் மோடெல், அணியை பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தபோது, கிளீவ்லாந்திடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது: நகரத்துக்குச் சொந்தமான பழைய அரங்கத்தில் 1998 வரை ஆடுவதற்கு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. மேயர் மைக்கேல் வைட் நீதிமன்றத்துக்குப் போனார். அறிவிப்பு வந்த மறுநாளே, அரங்கத்தைப் புதுப்பிப்பதற்காக மதுவுக்கும் சிகரெட்டுக்கும் விதிக்கப்பட்டிருந்த வரியை நீட்டிக்கலாமா என்ற வாக்கெடுப்பில் மக்கள் பெருவாரியாகச் சம்மதம் தெரிவித்திருந்தார்கள். ஊர் பணம் தரத் தயாராக இருக்கும்போதே அணி போகிறது என்னும் காட்சியை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது.

அந்த ஆண்டு டிசம்பர் 17 அன்று சின்சினாட்டி அணியுடன் நடந்த கடைசி உள்ளூர் ஆட்டத்தில், ‘நாய்க்கொட்டடி’ என்று அழைக்கப்பட்ட பகுதியில் அமர்ந்திருந்த ரசிகர்கள், இருக்கைப் பலகைகளைப் பெயர்த்து மைதானத்துக்குள் வீசினார்கள். ஆட்டம் முடிந்ததும் ஏர்னஸ்ட் பைனர் என்னும் மூத்த ஆட்டக்காரர் அந்தப் பகுதிக்கே ஓடிச்சென்று, தடுப்புச்சுவருக்கு மேலாகக் கைகளை நீட்டி ஒவ்வொருவராகப் பிடித்துக் குலுக்கிக்கொண்டு போனார்.

1996 பிப்ரவரியில் சமரசம் ஏற்பட்டது. ஆட்டக்காரர்களும் அலுவலர்களும் பால்டிமோருக்குப் போகலாம். பெயர், நிறம், அதுவரையிலான வெற்றிகளின் பதிவு ஆகிய அனைத்தும் கிளீவ்லாந்திலேயே இருக்கும். 1999-க்குள் லீக் அங்கே ஓர் அணியை நிறுத்தும். அதற்குள் நகரம் புதிய அரங்கம் கட்டித் தரவேண்டும். புதிய அணியின் உரிமத்தை 53 கோடி டாலருக்கு வாங்கியவர் ஆல் லெர்னர். மோடெல் பால்டிமோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது இதே லெர்னரின் தனி விமானத்தில்தான் என்பதை கிளீவ்லாந்துக்காரர்கள் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. பொதுப்பணத்தில் கட்டிய அரங்கத்தில் ஆடும் அணியை இடம் மாற்றுவதற்கு முன், ஆறு மாத அறிவிப்பு கொடுத்து, உள்ளூரார் வாங்குவதற்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று ஒஹையோ மாநிலம் 1996-ல் சட்டம் போட்டது. மோடெலின் பெயராலேயே வழங்கும் அந்தச் சட்டம், கொலம்பஸ் நகரத்தின் கால்பந்து அணி 2017-18-ல் டெக்சாஸுக்குக் கிளம்பப் பார்த்தபோது கைகொடுத்தது. அந்த அணியை வாங்கிக் காப்பாற்றியவர்களில் முதன்மையானவர்கள் பிரவுன்ஸ் அணியின் இன்றைய உரிமையாளர்களான ஹாஸ்லம் குடும்பத்தினர். அதே குடும்பத்தினர்தாம் இப்போது பிரவுன்ஸ் அணியை கிளீவ்லாந்து நகர எல்லைக்கு வெளியே புரூக் பார்க் என்னும் புறநகருக்குக் கொண்டுபோகிறார்கள். 2025-ல் மாநில அரசு அதற்காக 60 கோடி டாலர் ஒதுக்கியது. சட்டத்தையும் அவர்களுக்கு வசதியாகத் திருத்திக்கொடுத்தது. நகரம் 10 கோடி டாலர் பெற்றுக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது.

கேள்வி: வழக்கும் அரசியலும் இல்லாமல், பொறுத்திருந்து அணியைப் பெற்ற நகரம் உண்டா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கனடாவின் வினிபெக். அதன் ஐஸ் ஹாக்கி அணியான ஜெட்ஸ் 1996-ல் அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்குப் போனது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் அமெரிக்க டாலரில், வருமானம் சரிந்துகொண்டிருந்த கனடிய டாலரில் என்ற நிலையில் சிறிய நகரம் ஒன்று தாக்குப்பிடிக்க வழியில்லை. வினிபெக் பெரிய திட்டம் எதையும் அறிவிக்கவில்லை. அதே ஆண்டில் கீழ்நிலை லீக் அணி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது. 2004-ல் நகரின் மையத்தில் 15,000 இருக்கைகள் மட்டுமே கொண்ட அரங்கத்தைத் திறந்தது. இதற்கிடையில் 2005-ல் லீக் சம்பளத்துக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. கனடிய டாலரும் மெல்ல மெல்ல ஏறி அமெரிக்க டாலருக்குச் சமமாக நின்றது. 2011-ல் அட்லாண்டா அணி தள்ளாடியபோது, அரங்கமும் நிர்வாகமும் மார்க் சிப்மன், டேவிட் தாம்சன் என்னும் இரண்டு கனடிய முதலாளிகளும் தயாராக இருந்தார்கள். லீக்குக்குச் செலுத்திய இடமாற்றக் கட்டணம் 6 கோடி டாலர் உட்பட, 17 கோடி டாலரில் அணி வந்து சேர்ந்தது. பருவம் முழுவதற்கும் செல்லும் 13,000 பருவச் சீட்டுகள் சில நாட்களிலேயே தீர்ந்தன.

ஆயினும், திரும்பி வந்த அணி அப்படியே இருந்துவிடும் என்ற உறுதி எதுவும் இல்லை. 2024-ன் தொடக்கத்தில் வினிபெக்கின் பருவச் சீட்டுகள் 9,500 அளவுக்கு இறங்கி, உரிமையாளர்களே கவலையை வெளிப்படையாகச் சொல்லும் நிலை வந்தது. இன்னொரு பக்கம் கியூபெக் நகரத்தைப் பாருங்கள். 1995-ல் தன் ஹாக்கி அணியை இழந்த அந்நகரம், 2015-ல் 18,000-க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு பெரிய அரங்கத்தைப் பொதுப்பணத்தில் கட்டி முடித்தது. அணி இன்றுவரை வரவில்லை. வினிபெக்கிடம் வாங்குபவர் இருந்தார், விற்பவரும் தக்க சமயத்தில் கிடைத்தார். கியூபெக்கிடம் கட்டடம் மட்டுமே இருக்கிறது.

அரசியலைப் பற்றி ஒரு சொல். 1967-ல் அத்லெடிக்ஸ் அணியை ஓக்லாந்துக்குப் பறிகொடுத்த ஊர் கான்சஸ் சிட்டி. அந்த ஊர் இருக்கும் மிஸோரி மாநிலத்தின் செனட்டர் ஸ்டூவர்ட் சிமிங்டன், பேஸ்பால் லீக் அனுபவித்துவரும் ஏகபோகத் தடைச் சட்ட விலக்கையே பறித்துவிடுவதாக மிரட்டியதால், 1969-லேயே அந்நகரத்துக்குப் புதிய அணி கிடைத்தது. அப்படிப்பட்ட பலம் இல்லாத நேரத்தில் தலைநகர் வாஷிங்டனே 1971-க்குப் பிறகு 2005 வரை பேஸ்பால் அணி இல்லாமல் இருந்தது.

கேள்வி: ஏழை நகரம் ஒன்று விளையாட்டு அணிக்காகப் பணத்தைக் கொட்டுவது அறிவுடைமையா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: ஓக்லாந்தின் அனுபவமே இதற்குத் தக்க பதில். மேலே சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று: ஓக்லாந்து ஏற்கெனவே ஒரு முறை போன அணியைத் திரும்பப் பெற்ற நகரம். ரெய்டர்ஸ் 1982-ல் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய், 1995-ல் ஓக்லாந்துக்கே வந்தது. அந்த அணியை வரவழைப்பதற்காக நகரமும் மாவட்ட நிர்வாகமும் ஏறத்தாழ 20 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு, அத்லெடிக்ஸும் ஆடிவந்த கொலிசியம் அரங்கத்தில் புதிய அடுக்குகளைக் கட்டின. இருக்கை உரிமங்களை, அதாவது பருவச் சீட்டு வாங்கும் உரிமையை, ரசிகர்களுக்கு விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்பது போட்ட கணக்கு. உரிமங்கள் விற்கவில்லை. பேஸ்பால் பார்க்க வருபவர்களுக்கு மைதானத்துக்கு அப்பால் தெரிந்துவந்த ஓக்லாந்துக் குன்றுகளை அந்தக் கான்கிரீட் சுவர் மறைத்தது; ரெய்டர்ஸ் உரிமையாளர் ஆல் டேவிஸின் பெயரைச் சேர்த்து ‘மவுன்ட் டேவிஸ்’ (டேவிஸ் மலை) என்று மக்கள் அதைக் கேலி செய்தார்கள். ஆள் வராத மேல் அடுக்கைப் பின்னாளில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். ரெய்டர்ஸ் இரண்டாம் முறையும் கிளம்பிப் போன பிறகும் அந்தக் கடனுக்கான தவணையை ஊர்மக்களின் வரிப்பணத்திலிருந்து கட்டவேண்டியிருந்தது.

ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் போன்ற பொருளியலாளர்கள் 1990-களிலிருந்தே சொல்லிவருவது, அரங்கங்களுக்குத் தரும் மானியம் வேலைவாய்ப்பாகவோ வரியாகவோ திரும்பி வருவதில்லை என்பதுதான். ஒரு குடும்பம் பொழுதுபோக்குக்கு ஒதுக்கும் பணம் பெரும்பாலும் அதே அளவில்தான் இருக்கும். அரங்கத்தில் செலவழிப்பதை வேறு உணவகத்தில் குறைத்துக்கொள்வார்கள். போதாததற்கு, அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்று ஆண்டுக்கு எட்டு ஒன்பது ஆட்டங்கள்தாம் சொந்த ஊரில் ஆடும். பெருமிதத்துக்காகச் செலவிடுகிறோம் என்று நகரம் வெளிப்படையாகச் சொல்லிச் செலவிட்டால் எனக்கு மறுப்பில்லை. பூங்காவுக்கும் செலவிடத்தானே செய்கிறோம். வளர்ச்சி வரும் என்று சொல்லிக் கடன் வாங்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

கேள்வி: அப்படியானால் ரசிகர்களே சொந்தமாக ஓர் அணியைத் தொடங்கிவிடலாமே?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இங்கிலாந்தில் அது நடந்தது. லண்டனின் விம்பிள்டன் கால்பந்துக் கழகத்தை மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற 2002-ல் அனுமதி கிடைத்தவுடன், ரசிகர்கள் அந்தக் கோடையிலேயே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற கழகத்தைத் தொடங்கி, அடிமட்ட லீக்கிலிருந்து ஏறி, 2011-ல் தொழில்முறை லீக்குக்கு வந்து, 2020-ல் தங்கள் பழைய பேட்டையான பிளவ் லேனுக்கே திரும்பினார்கள். அங்கே வென்றால் மேல் தட்டுக்கு ஏறலாம். அமெரிக்காவில் அந்த ஏணியே கிடையாது.

ஓக்லாந்திலும் முயற்சி நடந்திருக்கிறது. பயனியர் லீக் என்னும் சிறிய பேஸ்பால் லீக்கில் 2024 முதல் ஓக்லாந்து பாலர்ஸ் என்ற அணி ஆடுகிறது. ரசிகர்கள் பலர் அதில் சிறு பங்குதாரர்கள். மேற்கு ஓக்லாந்தின் ரைமண்டி பூங்காவில் சில ஆயிரம் பேர் அமரும் மைதானத்தை அதற்காகச் சீர்செய்தார்கள். 2025-ல் அந்த அணி லீக்கின் வாகையைச் சூடியது. கொலிசியத்தில் இப்போது ஓக்லாந்து ரூட்ஸ் என்னும் கால்பந்துக் கழகம் ஆடுகிறது. இவை இரண்டும் எத்தனை கோப்பைகள் வென்றாலும் மேல் லீக்கில் இடம் கிடைக்காது. பேஸ்பால் லீக் 32 அணிகளாக விரியும்போது இரண்டு இடங்கள் திறக்கும். நாஷ்வில், சால்ட் லேக் சிட்டி, போர்ட்லாந்து ஆகியவை அந்த வரிசையில் துண்டு போட்டுக் காத்திருக்கின்றன. ஓக்லாந்தில் பணத்தோடு ஒருவர் முன்வரும் வரை, ஃப்ரீமான்ட் வாசகி பாலர்ஸ் ஆட்டத்துக்குப் போய் வரலாம்.