அடைமுட்டைக்குள் நடப்பவை: கேள்வி பதில்

தாராபுரத்திலிருந்து: ஐயா, ஒரே பெருவிடைக் கோழி இட்ட முட்டைகளை ஒரே இன்குபேட்டரில் வைத்தும் குஞ்சுகள் ஒன்றுபோல் வளர்வதில்லை. சேவலும் ஒன்றுதான். காரணம் என்ன?

பதில்: பெற்றவை ஒன்றேயானாலும் குஞ்சுக்குக் குஞ்சு மரபணுச் சேர்க்கை வேறுபடும் என்பது முதற்காரணம். அதற்கு அடுத்தது, நம்மில் பலரும் எண்ணிப் பாராத ஒன்று: மஞ்சள் கருவில் தாய்க்கோழி வைத்தனுப்பும் ஹார்மோன்கள். முட்டை இடுவதற்கு முந்தைய ஏழு முதல் பத்து நாட்களில் மஞ்சள் கரு வேகமாகப் பருக்கும்போது, அதைச் சூழ்ந்துள்ள சினைப்பைச் செல்கள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் போன்றவை அதனுள் படிந்துவிடுகின்றன. கருவின் சொந்தச் சுரப்பிகள் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே தாயின் ஹார்மோன் அங்கே காத்திருக்கிறது.

கேனரிப் பறவைகளில், ஓர் ஈட்டின் கடைசி முட்டைகளில் டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக இருப்பதை 1993இல் ஆய்வாளர் ஹூபர்ட் ஷ்வாபிள் வெளியிட்டார். அது கூடுதலாகப் பெற்ற குஞ்சுகள் இரைக்கு முனைந்து வாய் திறப்பதை அவர் 1996இல் வெளியிட்டார். பிந்திப் பொரிக்கும் குஞ்சுக்கு அது ஈடுகட்டுகிறது. நம் வயல்களில் மாட்டின் பின்னால் திரியும் உண்ணிக்கொக்கிலோ நிலைமை நேர்மாறானது. முதல் முட்டைகளுக்கே மிகுதி வாய்க்கிறது. மூத்த குஞ்சு இளையதைக் கொத்தி ஒடுக்குகிறது. அமெரிக்கக் கெஸ்ட்ரல் வல்லூறின் முட்டைகளில் இவ்வகை ஹார்மோனைச் செயற்கையாகக் கூட்டியபோது, குஞ்சுகள் தாமதமாகப் பொரித்து, மெதுவாக வளர்ந்து, அதிகமாக இறந்தன. எனவே ஹார்மோன் மிகுந்தால் குஞ்சு வீரியமாகும் என்று எவர் மருந்து விற்க வந்தாலும் வாங்காதீர்கள். முட்டைக்கோழிக்கு நல்ல தீவனம், நிழல், நாய்த்தொல்லை இல்லாத இடம் ஆகியவற்றைக் கொடுங்கள். தாயின் நெருக்கடியும் முட்டையின் ஹார்மோன் அளவை மாற்றக்கூடியதே.

நாமக்கல்லிலிருந்து: கடையில் வாங்கிய பண்ணை முட்டையை அடைவைத்தால் பொரிக்குமா?

பதில்: பொரிக்காது. முட்டைப் பண்ணைகளில் சேவல் இல்லை. அம்முட்டைகளில் கரு இல்லை.

பெருந்துறையிலிருந்து: சித்திரை, வைகாசியில் மட்டும் பாதிக்கு மேல் பொரிக்காமல் போகின்றன. இன்குபேட்டர் 37.5 டிகிரி செல்சியஸ்தான் காட்டுகிறது.

பதில்: பழுது பெரும்பாலும் இன்குபேட்டரில் இல்லை, அதற்கு முன் முட்டையைச் சேர்த்து வைத்த அறையில்தான் இருக்கும். ஏறக்குறைய 20 டிகிரிக்கு மேல் போனாலே கருவின் செல்கள் மெல்லப் பிரியத் தொடங்கும். நம் ஊர் ஓட்டு வீட்டின் 35 டிகிரியில் அவை அரைகுறையாக வளர்ந்து வலுவிழக்கும். 15 முதல் 18 டிகிரியில், ஏழு நாட்களுக்கு மிகாமல் வையுங்கள். அதற்கு வசதி இல்லையெனில் ஈர மணலில் அமர்த்திய மண்பானை ஓரளவு உதவும். அப்போது மூன்று நான்கு நாட்களுக்குள்ளேயே அடைவைத்துவிடுவது நல்லது. மின்தடையால் சற்று நேரம் குளிர்வதைக் கரு பொறுத்துக்கொள்ளும், 40 டிகிரியைத் தாண்டும் சூட்டைப் பொறுக்காது. ஈரப்பதம் முதல் 18 நாட்களுக்கு 50 முதல் 55 விழுக்காடும், கடைசி மூன்று நாட்களில் 65க்கு மேலும் இருக்க வேண்டும்.

காங்கேயத்திலிருந்து: சூட்டைக் கூட்டிக் குறைத்துப் பெட்டைக் குஞ்சுகளை மட்டும் பெற முடியும் என்கிறார்களே?

பதில்: முடியாது. முதலைக்கும் ஆமைக்கும் அது பொருந்தும். கோழியில், குஞ்சு சேவலா பெட்டையா என்பதைத் தாயின் பாலினக் குரோமோசோம் முட்டை இடும் முன்பே முடிவு செய்துவிடுகிறது.

பல்லடத்திலிருந்து: கோடையில் பிராய்லர் கோழிகள் சூடு தாங்காமல் இறக்கின்றன. கருவிலேயே வெயிலுக்குப் பழக்க வழி உண்டா?

பதில்: உண்டு. இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 7ஆம் நாள் முதல் 16ஆம் நாள் வரை, நாளொன்றுக்கு 12 மணி நேரம், முட்டைகளை 39.5 டிகிரியில் ஈரப்பதத்தையும் கூட்டி வைத்தனர். அந்தக் கோழிகள் வளர்ந்தபின் கடும் வெப்பத்தை மேலாகத் தாங்கின. உடல் வெப்பத்தையும் தைராய்டையும் ஆளும் அமைப்பு உருவாகும் காலம் அது என்பதே இதன் அடிப்படை. ஆனால் துல்லியமான கட்டுப்பாடுள்ள பொரிப்பகத்தில் மட்டுமே இதைச் செய்யலாம். சூடு ஒரே சீராகப் பரவாத வீட்டுப் பெட்டியில் முயன்றால் ஒரு மூலை முட்டைகள் வெந்தே போகும். தவறான சூட்டின் விளைவு பொரிப்போடு முடிவதுமில்லை: அமெரிக்க மர வாத்தின் முட்டைகளை ஓரிரண்டு டிகிரி குறைவாக அடைவைத்த ஆய்வில், உயிருடன் பொரித்த குஞ்சுகளே பின்னர் மெதுவாக வளர்ந்தன, நோயெதிர்ப்பும் குறைந்திருந்தது. எனவே பொரித்தவற்றை எண்ணுவதோடு நில்லாமல், அவற்றின் எடையையும் வாரந்தோறும் குறித்து வையுங்கள்.